ஆறு வோல்ட்டா, பன்னிரண்டா? மாமாவின் யெஸ்டிக்கு நான் பார்த்த வழிகள்

வி.கோட்டாவைத் தாண்டி பேரணாம்பட்டுக்கு இறங்கும் மலைப்பாதையில் ஹெட்லைட் மெழுகுவர்த்தி அளவுக்கு மங்கிய அன்றுதான் இந்தக் கேள்வி தொடங்கியது. பெங்களூரிலிருந்து கோலார், கே.ஜி.எஃப். வழியாகக் குடியாத்தம் போய்க்கொண்டிருந்தேன். இருட்டுவதற்குள் இறங்கிவிடலாம் என்று போட்ட கணக்கு தப்பிவிட்டது. வண்டி மாமாவுடையது. யெஸ்டி 250 பைக், 1981 மாடல், மைசூர் ஐடியல் ஜாவா தொழிற்சாலையில் பிறந்தது. ஹார்னை அமுக்கினால் விளக்கு மங்கும். பிரேக்கை மிதித்தால் இன்ஜின் ஒரு இருமல் இருமும். முன்னால் போன தக்காளி லாரியின் பின்விளக்கைப் பிடித்துக்கொண்டே அடிவாரம் வந்து சேர்ந்தேன்.

அல்சூருக்குத் திரும்பியதும் ஆளுக்கொரு யோசனை சொன்னார்கள். மாமா, "ஒரிஜினலைத் தொடாதே, நல்லா ரிப்பேர் பண்ணு போதும்" என்றார். மாரத்தஹள்ளி ஆபீசுக்கு தினமும் யெஸ்டியிலேயே போகும் நண்பன், "வேப் கிட் போடு மச்சா, அப்புறம் கரண்டைப் பத்தி நினைக்கவே வேணாம்" என்றான் (பழைய மின் பாகங்களை மொத்தமாக மாற்றும் 12 வோல்ட் செட் அது). பட்டறைக்காரர் ஒருவர், "ரெண்டு நாள் வண்டிய விடுங்க தம்பி, 12 வோல்ட் பண்ணிக் குடுத்துடறேன்" என்றார். மூன்றையும் விசாரித்தேன். செய்தது நாலாவதாக ஒன்று. ஆனால் என் முடிவு எல்லோருக்கும் பொருந்தாது. ஏன் பொருந்தாது என்பதற்குத்தான் இவ்வளவும் எழுதுகிறேன்.

முதலில் வரவு செலவைப் பார்த்துவிடலாம். இந்த வண்டியின் டைனமோ 6 வோல்ட், 45 வாட். நல்ல சுற்றில் இன்ஜின் ஓடும்போது கிடைப்பது அவ்வளவுதான். ஹெட்லைட் 25 வாட், பின்விளக்கு 5 வாட், பெட்ரோலைப் பற்றவைக்கும் பொறிக்கான இக்னிஷன் காயில் ஒரு 10, 15 வாட் சாப்பிடும். வந்ததெல்லாம் இதிலேயே தீர்ந்துவிடுகிறது. பேட்டரிக்குப் போட மிச்சமில்லை. இதற்கு மேல் பிரேக் லைட், ஹார்ன், இண்டிகேட்டர் எல்லாம் கடன்தான். மாதச் சம்பளம் வாடகைக்கும் மளிகைக்கும் சரியாகப் போய்விடுகிற குடும்பம் மாதிரி. ஒரு கல்யாணச் செலவு வந்தால் தள்ளாடும்.

இதில் பெங்களூருக்கென்று ஒரு தனிச் சிக்கல் உண்டு. ஐடிலிங்கில், அதாவது வண்டி நின்றபடி இன்ஜின் ஓடும்போது, டைனமோ அநேகமாக எதுவும் தராது. பேட்டரியின் வோல்ட்டேஜை விட டைனமோவின் வோல்ட்டேஜ் குறைந்ததும், இரண்டையும் இணைக்கும் கட்-அவுட் என்ற சுவிட்ச் திறந்துகொள்ளும். அதற்குப் பிறகு எல்லாமே பேட்டரியிலிருந்துதான். இந்த வண்டி வடிவமைக்கப்பட்ட காலத்தில் சிக்னலில் நிற்பது என்பது அரை நிமிஷம். இன்று சில்க் போர்டிலோ டின் ஃபாக்டரியிலோ மாலை ஏழு மணிக்கு, ஹெட்லைட் எரிய, காலைப் பிரேக்கில் வைத்தபடி இருபது நிமிஷம் ஊர்ந்து பாருங்கள். வீடு வந்து சேருவதற்குள் பேட்டரி பாதி காலி. அதே வண்டியில் ஞாயிறு விடியற்காலை நந்தி மலைக்குப் போய் வந்தால் பேட்டரி நிறைந்து திரும்பும். டைனமோ நல்லதா கெட்டதா என்ற கேள்வியே பாதி தப்பு. நீங்கள் எங்கே, எப்போது ஓட்டுகிறீர்கள் என்பதுதான் முதல் கேள்வி.

ஆனால் அன்று மலைப்பாதையில் என்னைக் கைவிட்டது டைனமோ இல்லை. அதைக் கண்டுபிடிக்க எனக்கு மூன்று வாரம் ஆயிற்று.

மல்டிமீட்டரை வைத்து அளந்தபோது பேட்டரி முனையில் 6.2 வோல்ட். ஹெட்லைட் பல்பின் முனையில் 4.9. நடுவில் எங்கோ 1.3 வோல்ட் களவு போகிறது. இழை பல்புக்கு வோல்ட்டேஜ் ஐந்தில் ஒரு பங்கு குறைந்தால் வெளிச்சம் ஐந்தில் ஒரு பங்கு மட்டும் குறைவதில்லை, பாதிக்கும் கீழே போய்விடும். 6 வோல்ட்டின் உண்மையான பலவீனம் இங்கேதான் இருக்கிறது. அதே 25 வாட் பல்புக்கு 6 வோல்ட்டில் நாலு ஆம்பியருக்கு மேல் ஓட வேண்டும். 12 வோல்ட்டில் இரண்டு போதும். துருப்பிடித்த இணைப்புகளில் வெறும் 0.1 ஓம் தடை இருந்தால் கூட 6 வோல்ட் வண்டியில் ஏறக்குறைய ஐந்தில் ஒரு பங்கு வெளிச்சம் போய்விடும். 12 வோல்ட் வண்டியில் போவது ஆறு சதவீதம். 12-க்கு மாற்றியதும் "அடடா, என்ன வெளிச்சம்" என்று பலர் சொல்வதில், புது டைனமோவுக்குச் சேர வேண்டிய பாராட்டு பாதிதான். மீதி, மாற்றும்போது புதிதாகப் போட்ட வயருக்குச் சேர வேண்டியது.

களவுக்குக் காரணம் எர்த். இரண்டு வருஷத்துக்கு முன் மாமா ஆசை ஆசையாகச் சேஸிசுக்குப் பவுடர் கோட்டிங் அடித்திருந்தார். வண்டி மின்னியது. எர்த் செத்தது. பழைய வண்டிகளில் விளக்குக்குப் போன கரண்ட் சேஸிஸ் இரும்பு வழியாகத்தான் பேட்டரிக்குத் திரும்பும். பவுடர் கோட்டிங் நல்ல மின்காப்பு. போல்ட்டின் மரைகளில் கொஞ்சம் இரும்பு தொட்டுக்கொண்டிருந்ததால் ஏதோ எரிந்துகொண்டிருந்திருக்கிறது. இது போதாதென்று, டேங்குக்கு அடியிலும் ஹேண்டில் திரும்பும் இடத்திலும் நாற்பது வருஷத்து வயர் காய்ந்து, மடக்கினால் அப்பளம் மாதிரி உடைந்தது.

அதனால் எந்த வழியில் போனாலும் வயரிங்கை மாற்றிவிட்டுத்தான் மற்ற பேச்சு. இதில் எனக்குச் சந்தேகமே இல்லை. ஜே.சி. ரோட்டில் ரெடிமேட் வயரிங் செட் கிடைக்கிறது. ஆனால் அதில் வரும் வயர் சில சமயம் நூல் மாதிரி இருக்கும். நான் எஸ்.பி. ரோட்டில் பலஇழை ஆட்டோ கேபிள் வாங்கிக் கட்டினேன். ஹெட்லைட்டுக்கும் பேட்டரிக்கும் 2.5 சதுர மில்லிமீட்டர், மற்றதற்கு 1.5. ஒற்றைக் கம்பி உள்ள வீட்டு வயரைப் போடாதீர்கள், அதிர்வில் முறிந்துவிடும். ஒவ்வொரு விளக்குக்கும் தனி எர்த் வயர் இழுத்து நேராகப் பேட்டரி நெகட்டிவுக்குக் கொண்டுவந்தேன். சால்டரிங் வைத்தால்தான் உறுதி என்று நினைப்பவர்கள் ஒன்றைக் கவனிக்க வேண்டும். ஈயம் வயருக்குள் ஊறி நிற்கும் இடத்தில் இழைகள் கெட்டியாகிவிடும், அதிர்வில் சரியாக அந்த விளிம்பில்தான் அறுந்துபோகும். நல்ல கிரிம்ப் (வயரை முனையோடு சேர்த்து அழுத்திப் பிடிப்பது), அதன்மேல் சூட்டில் சுருங்கும் குழாய், போதும். ஒரே ஒரு ஃப்யூஸ் இருந்த இடத்தில் இரண்டு வைத்தேன், விளக்கில் ஷார்ட் ஆனாலும் இன்ஜின் நிற்கக் கூடாது என்பதற்காக. மொத்தச் செலவு ஒரு ஜோடி டயர் விலைக்குள் அடங்கியது. பல்பு முனையில் இப்போது பேட்டரியை விட 0.2 வோல்ட்தான் குறைவு.

இனி வழிகளுக்கு வருகிறேன்.

மாமா சொன்ன வழி, அதாவது 6 வோல்ட்டை அப்படியே வைத்துச் சீர் செய்வது. இதன் பெரிய பலம், ஒவ்வொரு பாகமும் தனியாகக் கெடும், தனியாகச் சரியாகும். பாயின்ட் (பொறி விழும் நேரத்தைத் தீர்மானிக்கும், திறந்து மூடும் சிறு சுவிட்ச்) தேய்ந்தால் பாயின்ட். டைனமோவின் கரண்டை எடுக்கும் கார்பன் பிரஷ் தேய்ந்தால் பிரஷ். கிருஷ்ணகிரியில் நின்றாலும் ஆம்பூரில் நின்றாலும் அறுபது வயது மெக்கானிக் ஒருவர் ஒரு துண்டு உப்புத்தாளால் பாயின்ட்டைத் தேய்த்து, 0.4 மில்லிமீட்டர் இடைவெளி வைத்து, டீ குடித்துவிட்டு அனுப்பி வைப்பார். பலவீனம், அவர் வயது அறுபது. அவருடைய பையன் மொபைல் கடை வைத்திருக்கிறான்.

இன்னொரு பலவீனம் பாகங்களின் தரம். இப்போது நகலாகச் செய்து விற்கும் ரீமேக் பாயின்ட்டின் குதிகால் (சுழலும் கேமில் உரசும் பகுதி) சீக்கிரம் தேய்ந்து இடைவெளி மூடிக்கொள்கிறது, பொறி விழும் நேரமான டைமிங்கும் நகர்ந்துவிடுகிறது. "பழைய ஸ்டாக், ஒரிஜினல்" என்று விலை வைத்து விற்கும் கண்டென்சரில் (பாயின்ட் முனை கருகாமல் காக்கும் சிறு பாகம்) ஒரு கண்ணி இருக்கிறது. அது டப்பாவைத் திறக்காமலே கூடக் கெட்டுப்போகும் பொருள், உள்ளே இருக்கும் காகிதம் வருஷக்கணக்கில் ஈரம் இழுக்கும். பாயின்ட்டுக்குப் பழைய ஸ்டாக் வாங்குங்கள், கண்டென்சருக்கு வேண்டாம். கண்டென்சர் கெட்டதன் பொதுவான அடையாளம்: வண்டி சூடானதும் நிற்கும், அரைமணி ஆறியதும் ஒன்றும் நடக்காத மாதிரி கிளம்பும். கார்புரேட்டரைக் கழற்றிச் சுத்தம் செய்தே வாழ்நாளைக் கழிக்கும் பலருக்கு வியாதி இங்கேதான் இருக்கிறது.

கட்-அவுட் என்று நாம் சொல்லும் அந்தப் பழைய ரெகுலேட்டர் பெட்டி தனிக் கதை. அதற்குள் வேலை இரண்டு. பேட்டரி கொதிக்காமல் சார்ஜை அளவோடு வைப்பது ஒன்று. இன்ஜின் நின்றதும் பேட்டரியின் கரண்ட் டைனமோவுக்குத் திரும்பி ஓடாமல் துண்டிப்பது இன்னொன்று. இரண்டாவதன் முனைகள் ஒட்டிக்கொண்டால், வண்டி நின்றபடியே பேட்டரி காலியாகும், டைனமோவில் சுழலும் பகுதியான ஆர்மேச்சரின் சுருள் சூடேறி வார்னிஷ் கருகும் வாசனை வரும். முதலாவது கெட்டால் ஆசிட் பொங்கிச் சேஸிசைத் தின்னும். இந்தப் பெட்டியைப் பதமாகச் சரிசெய்யத் தெரிந்தவர்களை இன்று விரல் விட்டு எண்ணலாம். ஒரிஜினல் வழியில் எனக்கு நம்பிக்கை இல்லாத ஒரே பாகம் இதுதான்.

அப்புறம் பேட்டரி. 6 வோல்ட் பைக் பேட்டரிக்குக் கடை கடையாக அலைய வேண்டும். அவசரத்துக்கு எமர்ஜென்சி லைட்டிலும் மின் தராசிலும் வரும் 6 வோல்ட் 4.5 ஆம்பியர்-மணி சீல் பேட்டரி எஸ்.பி. ரோட்டில் எங்கும் கிடைக்கும். பலர் பழைய பேட்டரிப் பெட்டிக்குள் அதை ஒளித்து வைத்து ஓட்டுகிறார்கள். கொள்ளளவு குறைவு, ஆனால் வண்டி ஓடும். சில்க் போர்டு இருபது நிமிஷத்தை அது தாங்காது.

பட்டறைக்காரர் சொன்ன 12 வோல்ட்டைச் சீக்கிரம் முடித்துவிடுகிறேன். வேறு ஏதோ வண்டியின் கரண்ட் தரும் மேக்னட்டையும் சுருள் பிளேட்டையும் லேத்தில் கடைந்து கிராங்கில் மாட்டி, அந்த வண்டியின் சி.டி.ஐ. என்ற எலெக்ட்ரானிக் இக்னிஷன் பெட்டியையே இணைப்பது. மலிவு, பாகம் எங்கும் கிடைக்கும், கிக் அடித்ததும் கிளம்பும். ஆனால் அந்த சி.டி.ஐ. எந்தச் சுற்றில் எவ்வளவு முன்னால் பொறி வைக்க வேண்டும் என்பது வேறொரு இன்ஜினுக்காக எழுதிய கணக்கு. டூ-ஸ்ட்ரோக்கில் பொறி அளவுக்கு மீறி முந்தினால் பிஸ்டன் தலை சூடேறி ஓட்டை விழும், அதுவும் ஹைவேயில் முழு ஆக்சிலரேட்டரில் போகும்போது. மேக்னட் ஒரு நூல் கோணலாக உட்கார்ந்தால் கிராங்க் பேரிங்குக்கு ஆயுள் குறையும். என்ன பாகம், எந்த வண்டியுடையது, டைமிங் எத்தனை மில்லிமீட்டர் என்று கேட்டேன். "அதெல்லாம் செட் ஆயிடும் தம்பி" என்றார். கும்பிடு போட்டு வந்துவிட்டேன். அளந்து, டைமிங் லைட் வைத்துக் காட்டுபவர் கிடைத்தால் கதை வேறு.

நண்பனின் வேப் கிட்டைப் பற்றி நான் கேலியாகத்தான் நினைத்திருந்தேன், இப்போது அப்படி இல்லை. வேப் செக் நாட்டுக் கம்பெனி. ஜாவாவும் செக் நாட்டில் பிறந்ததுதான் என்பதால், ஒரு விதத்தில் அது பிறந்த வீட்டுச் சீதனம். பழைய டைனமோ, பாயின்ட், கட்-அவுட் எல்லாவற்றையும் கழற்றிவிட்டு, காந்த ரோட்டார், புதுச் சுருள் பிளேட், எலெக்ட்ரானிக் இக்னிஷன், 12 வோல்ட் ரெகுலேட்டர் என்று முழு செட்டாக வருகிறது. கொடுக்கும் கரண்ட் பழையதைப் போல இரண்டு மடங்குக்கு மேல். பேட்டரி செத்தாலும் வண்டி கிளம்பும், இக்னிஷனுக்கு வேண்டியதைக் காந்தமே கொடுத்துவிடும். டைமிங்கை ஒரு முறை வைத்தால் போதும், தேய்வதற்கு ஒன்றுமில்லை. சேஸிசில் ஓட்டை போட வேண்டாம், பழைய பாகங்களை டப்பாவில் வைத்திருந்தால் என்றைக்கும் திரும்ப மாட்டலாம்.

அப்படியானால் ஏன் போடவில்லை? விலை ஒன்று. இறக்குமதி, அதற்கு மேல் சுங்க வரி. இரண்டாவது காரணம்தான் எனக்கு முக்கியம். கிட் கெடுவது அபூர்வம், ஆனால் கெட்டால் மொத்தமாகக் கெடும். பேரணாம்பட்டு அடிவாரத்தில் பிளேட்டின் சுருள் அறுந்தால் உப்புத்தாளுக்கு வேலையில்லை, லாரி பிடிக்க வேண்டியதுதான். ரோட்டாரைக் கழற்றவே புல்லர் என்ற தனிக் கருவி வேண்டும், சுத்தியலால் தட்டினால் காந்தமும் போகும், கிராங்கும் போகும். நண்பனின் நிலை வேறு. அவன் தினமும் அவுட்டர் ரிங் ரோட்டில் ஊர்கிறான், ரிப்பேர் என்றால் வீட்டுக்கு ஆட்டோ பிடித்து வந்துவிடலாம். மழைக்கால மாலைகளில் அவனுக்கு வேண்டியது நிற்கும்போதும் மங்காத விளக்கு. தினசரி நகர ஓட்டம் என்றால் வேறு எதையும் யோசிக்காமல் கிட் போடுங்கள் என்றுதான் நானும் சொல்வேன். மாமாவிடம் மட்டும் சொல்ல மாட்டேன்.

நடுவில் இன்னொரு யோசனையும் வந்தது. டைனமோவை அப்படியே வைத்துக்கொண்டு எலெக்ட்ரானிக் ரெகுலேட்டர் மூலம் அதையே 12 வோல்ட் தரச் செய்யலாம். நடக்கிற காரியம்தான், பழைய இங்கிலீஷ் வண்டிக்காரர்கள் நிறையப் பேர் செய்கிறார்கள். வாட்டும் கூடுதலாகக் கிடைக்கும். ஆனால் சார்ஜ் தொடங்கக் கொஞ்சம் கூடுதல் சுற்று தேவைப்படும். சுற்றே கிடைக்காத ஊரில் இது நேர் எதிரான மருந்து.

கடைசியில் நான் செய்தது: புது வயரிங், பழைய டைனமோ, பழைய பாயின்ட், புதுக் கண்டென்சர், 6 வோல்ட்டுக்கான எலெக்ட்ரானிக் ரெகுலேட்டர். கட்-அவுட் பெட்டியின் மூடிக்குள்ளேயே அது அடங்கிவிட்டது, மாமா கண்ணுக்குத் தெரியவில்லை. ஆர்மேச்சரில் பிரஷ் உரசும் செம்பு வளையமான கம்யூட்டேட்டரை லேத்தில் ஒரு மயிரிழை கடைந்து, செம்புத் துண்டுகளுக்கு நடுவே இருக்கும் மைக்காவைக் கீறி இறக்கி, புது பிரஷ் போட்டோம். பாதி அளவு சுற்றில் இப்போது பேட்டரி முனையில் 7.1, 7.2 வோல்ட் நிற்கிறது. 7-க்குக் கீழே இருந்தால் பேட்டரி நிறையாது, 7.5-ஐத் தாண்டினால் கொதிக்கும்.

வரவைக் கூட்ட முடியாத இடத்தில் செலவைக் குறைத்தேன். பின்விளக்கும் பிரேக் லைட்டும் எல்.இ.டி. சிவப்பு எல்.இ.டி.யையே வாங்குங்கள். வெள்ளை எல்.இ.டி.யைச் சிவப்புக் கண்ணாடிக்குப் பின்னால் வைத்தால் வெளுத்துப்போன சிவப்புதான் வரும். பிரேக்கில் காலை வைத்து நிற்கும் நேரத்தில் பெரிய மிச்சம் இதில்தான். இண்டிகேட்டரையும் மாற்றினால் பழைய ஃப்ளாஷர் வேலை செய்யாது, பல்பு இழுக்கும் கரண்ட்டின் சூட்டில்தான் அது கண்சிமிட்டுகிறது. எலெக்ட்ரானிக் ஃப்ளாஷர் சேர்த்து வாங்க வேண்டும். ஹெட்லைட்டில் மட்டும் எல்.இ.டி. போடவில்லை. போட்டுப் பார்த்தேன். இழை இருந்த இடத்தில் சில்லு உட்காராததால் வெளிச்சம் மரக்கிளைக்கும் எதிரே வருபவர் கண்ணுக்கும் போனது, ரோட்டுக்கு வரவில்லை. பழைய பல்பே திரும்ப ஏறியது. 2017 ஏப்ரலுக்குப் பிறகு வந்த வண்டிகள் மாதிரி பகலிலும் விளக்கை எரியவிட வேண்டிய கட்டாயம் இந்த வண்டிக்கு இல்லை என்பது ஒரு நிம்மதி.

புல்லட் வைத்திருப்பவர்களுக்கும் மேலே சொன்னதில் பெரும்பாலானது பொருந்தும், ஒரு எச்சரிக்கையோடு. பழைய இங்கிலீஷ் வழி வந்த வண்டிகளில் பாசிட்டிவ் முனை எர்த்தாக இருக்கலாம். எலெக்ட்ரானிக் பொருள் எதையும் மாட்டுவதற்கு முன் பேட்டரியின் எந்த முனை சேஸிசில் தொடுகிறது என்று பாருங்கள். தலைகீழாகக் கொடுத்தால் ரெகுலேட்டர் அந்த நொடியே காலி. ஆர்.எக்ஸ். 100 காரர்களுக்குப் பாயின்ட் தலைவலி இல்லை, அதில் சி.டி.ஐ. இக்னிஷன்தான்.

அறுபதுகளின் ஜாவா வைத்திருப்பவர்கள் இன்னொன்றையும் கணக்கில் எடுக்க வேண்டும். 2021 ஜூலையில் வந்த மத்திய அரசு விதிப்படி ஐம்பது வருஷம் தாண்டிய வண்டியை விண்டேஜ் என்று 'வி.ஏ.' எண்ணில் பதியலாம். வண்டி அசல் வடிவில் இருக்க வேண்டும் என்கிறது விதி, குறிப்பாகச் சேஸிசிலும் பாடியிலும் இன்ஜினிலும் பெரிய மாற்றம் கூடாது. அந்த எண்ணில் தினமும் ஆபீஸ் போகவும் முடியாது, கண்காட்சி, ராலி, பெட்ரோல் போடுவது, ரிப்பேர் போன்றவற்றுக்குத்தான். அதற்குப் போகிற எண்ணம் இருந்தால் கழற்றிய டைனமோவைப் பழைய இரும்புக் கடைக்குப் போட்டுவிடாதீர்கள். மாமாவின் வண்டிக்கு 2031-இல்தான் ஐம்பது.

வேலை முடிந்து போன மாதம் அதே வழியில் குடியாத்தம் போனேன், இந்த முறை வேண்டுமென்றே இருட்டிய பிறகு. மலைப்பாதையில் ஹெட்லைட் மங்கலாகத்தான் இருந்தது. 25 வாட் 25 வாட்தான். ஆனால் ஹார்ன் அடித்தபோது அது அசையவில்லை. சீட்டுக்கு அடியில் ஒரு பாயின்ட் செட், ஒரு கண்டென்சர், இரண்டு பிரஷ், இடைவெளி அளக்கும் ஃபீலர் கேஜ், உப்புத்தாள் வைத்திருந்தேன். எதையும் எடுக்க வேண்டி வரவில்லை.

ஒன்று மட்டும் பாக்கி இருக்கிறது. ஆர்மேச்சர் கிராங்கிலேயே உட்கார்ந்திருப்பதால், வலது பக்கப் பேரிங் தேய்ந்தால் அது ஆட ஆரம்பித்து, சுற்றி நிற்கும் ஃபீல்டு காயிலின் இரும்பில் உரசும். கவரைக் கழற்றி டார்ச் அடித்தபோது ஒரு பக்கம் லேசாகக் கீறல் தெரிகிறது. எப்படியும் ஒரு நாள் இன்ஜினைப் பிரிக்க வேண்டும். கிட்டின் விலையை அன்றைக்கு மறுபடி விசாரிப்பேன்.